அடிப்படை முடிந்தது, ஸ்கோர் நின்றுவிட்டது: பிஸ்டலில் அடுத்து எதற்கு நேரம் கொடுப்பது?

பிஸ்டல் பழக ஆரம்பித்த முதல் சில மாதங்களில் ஸ்கோர் தானாகவே ஏறும். எப்படி நிற்பது, கையை எப்படித் தூக்கி இறக்குவது, கண்ணை எந்த சைட்டில் (குறி பார்க்கப் பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு பாகங்கள்) வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பிடிபடப் பிடிபட, 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 60 ஷாட்டுக்கு, 600-க்கு 480, 500, 520 என்று நோட்டில் எண்கள் வளர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு கட்டத்தில் நின்றுவிடும். எனக்கு 528-இல் நின்றது. நல்ல நாளில் 533, கெட்ட நாளில் 521. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் அதே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. இன்னும் நிறைய பெல்லட் சுடு என்பார் ஒருவர். வீட்டில் டிரை ஃபயர் பண்ணு, அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகு என்பார் இன்னொருவர். குறியின் தடத்தைக் காட்டும் மின்னணுக் கருவி வாங்கு, தனியாகக் கோச் வைத்துக்கொள், மேட்ச்களில் இறங்கு, 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கு மாறு, பிஸ்டலை மாற்று. எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்ததுதான். ஆனால் நம்மிடம் இருப்பது வாரத்துக்கு ஆறேழு மணி நேரமும் அளவான பணமும். எல்லாவற்றையும் செய்ய முடியாது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், கைக்கு எளிதாகத் தெரிந்ததை எடுத்து ஐந்து மாதம் வீணாக்கினேன். அதனால்தான் ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ஒப்பிடும் முன் ஒரு சோதனை. இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளை அட்டை

டார்கெட் அட்டையைத் திருப்பி, அச்சிடாத வெள்ளைப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி மாட்டுங்கள். குறி வைக்கக் கருப்பு வட்டம் இல்லை, நடுவில் பத்து மார்க் வளையம் இல்லை. அட்டையின் நடுவாக்கில் கை எங்கே நிற்கிறதோ அங்கேயே முன்சைட்டை மட்டும் பார்த்து, அவசரமில்லாமல் பத்து ஷாட் சுடுங்கள். அடுத்து வழக்கமான அட்டையில், வழக்கம்போல் பத்து ஷாட். மின்னணு டார்கெட் மட்டும் ஓடும் ரேஞ்ச் என்றால், அட்டை மாட்டக்கூடிய ஒரு லேனைக் கேட்டு வாங்குங்கள்.

என் கோச் இதைச் செய்யச் சொன்ன நாளில், இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். வெள்ளை அட்டையில் பத்து ஓட்டைகளும் உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும் அளவுக்கு வட்டமாகச் சேர்ந்திருந்தன. கருப்பில் ஏழு ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மூன்று தனியாகப் பிரிந்து, கடிகார முள்ளில் ஏழு மணி இருக்கும் திசையில் ஓடியிருந்தன. குறியே இல்லாதபோது கை ஒழுங்காக இருக்கிறது. குறி வந்ததும் பத்தில் மூன்று ஷாட்டைக் கெடுக்கிறது. வலது கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் ஓடும் ஷாட், பெரும்பாலும் ட்ரிகரைப் பிடுங்கியதையோ, அந்த நொடியில் மொத்தக் கையும் இறுகியதையோதான் சொல்லும்.

இந்தச் சோதனைக்கு மூன்று விதமான விடைகள் வரலாம். வெள்ளையில் இறுக்கமாகவும் கருப்பில் சிதறியும் இருந்தால், பிரச்சினை பத்தைத் துரத்துவதில் இருக்கிறது. அதாவது கண்ணுக்கும் ட்ரிகர் விரலுக்கும் இடையில். இரண்டுமே ஒரே மாதிரி அகலமாக இருந்தால் உடம்பைப் பார்க்க வேண்டும்: நிற்கும் நிலை, தோள், கிரிப். இரண்டும் நன்றாக இருந்தும் மேட்ச் நாளில் மட்டும் ஸ்கோர் இறங்குகிறது என்றால் அது மூன்றாவது கதை. ஒருவருக்குப் பலித்த ஆலோசனை இன்னொருவருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஆள் மாறுவதுதான்.

முதல் வகைதான் அதிகம் என்று நான் நம்புவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அங்கிருந்து ஒவ்வொரு வளையமும் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் விரியும். பெல்லட் 4.5 மில்லிமீட்டர், ஓட்டையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே மேல் மார்க் கிடைக்கும். ஆக, பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 16 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் குறைந்தது 9. அப்படியென்றால் கை 32 மில்லிமீட்டர் அகலத்துக்கு, கருப்பு வட்டத்தின் பாதிக்கும் சற்று அதிகமாக, அலைந்துகொண்டிருந்தாலும் 60 ஷாட்டும் 9-க்குக் கீழே போகாது. மொத்தம் 540. ஒரு வருடம் பழகிய பெரும்பாலோருக்குக் கை இதைவிட மோசமாக ஆடுவதில்லை.

சைட் விலகினால் கணக்கே வேறு. பின்சைட்டிலிருந்து முன்சைட் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. டார்கெட் அதைப்போல் முப்பது மடங்கு தூரத்தில். பின்சைட்டின் பள்ளத்தில் முன்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், டார்கெட்டில் 30 மில்லிமீட்டர் தப்பும். அது 7. கை ஆடுவது ஆடிய அளவுக்குத்தான் தண்டனை தரும்; ட்ரிகரைப் பிடுங்கும்போது பிஸ்டல் திரும்புகிறதே, அது முப்பது மடங்கு தண்டனை தரும். 528-இல் நிற்பவர் ஆடாத கை வேண்டும் என்று ஏங்குகிறார். அவருக்கு வேண்டியது ஆடும் கையோடு சமாதானமாகி, சைட்டைக் கலைக்காமல் விரலை மட்டும் அசைக்கத் தெரிவது.

இன்னும் அதிக பெல்லட்

நான் முதலில் எடுத்தது இதைத்தான். வாரத்துக்கு 150 ஷாட் சுட்டுக்கொண்டிருந்தவன் 400-க்குப் போனேன். ஸ்கோர் அசையவில்லை. கெட்ட ஷாட்டுக்குப் பின்னால் அதைச் சரிசெய்யும் வேகத்தில் அடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று போய், ட்ரிகரைப் பிடுங்கும் பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியதுதான் மிச்சம். களைத்த தோளோடு சுடும் எழுபதாவது ஷாட் எதையும் கற்றுத்தருவதில்லை.

முழு 60 ஷாட்டை 75 நிமிடத்தில் சுடும் தெம்பு இன்னும் வரவில்லை என்றால் மட்டும் பெல்லட்டைக் கூட்டுங்கள். பாதியில் இறக்கி வைத்தவற்றையும் சைட்டர்களையும் (மார்க்கில் சேராத முன்னோட்ட ஷாட்டுகள்) சேர்த்தால் ஒரு மேட்சில் கை எண்பது, தொண்ணூறு தடவை ஏறி இறங்குகிறது. கடைசி இரண்டு சீரிஸில் (பத்து ஷாட் ஒரு சீரிஸ்) மட்டும் மார்க் சரிந்தால் அது தெம்புப் பிரச்சினை. முதல் சீரிஸிலேயே 7 வருகிறது என்றால் பெல்லட் அதற்கு மருந்தில்லை.

டிரை ஃபயர்

செலவே இல்லாத வழி. என் பார்வையில் முதல் வகையினருக்கு இதற்கு இணையாக எதுவுமில்லை. ஆனால் இதைத்தான் எல்லோரும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

போட்டித்தர ஏர் பிஸ்டல்களில் காற்று வெளியேறாமல் ட்ரிகர் மட்டும் வேலை செய்யும் டிரை ஃபயர் வசதி இருக்கிறது. தொடங்கும் முன் பிஸ்டல் காலியா என்று கண்ணால் பாருங்கள், பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, சுவருக்குப் பின்னால் யாரும் நடமாடக் கூடாது. இடையில் போன் எடுக்கவோ தண்ணீர் குடிக்கவோ போய் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள். தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: தோட்டா உட்காரும் சேம்பர் வெறுமையாக இருக்கும்போது அடித்தால் பல மாடல்களில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதிக் கெடுக்கும். அதற்கென்று உள்ள டம்மி பிளக்கைப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

சுவரில் டார்கெட் ஒட்டாதீர்கள், குறைந்தது முதல் சில வாரங்களுக்காவது. வெற்றுச் சுவர் போதும். கையைத் தூக்கி இறக்கி நிறுத்தியதும், பின்சைட்டுப் பள்ளத்துக்கு நடுவில் முன்சைட் கறுப்பாக நிற்கும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு வெளிச்சக் கீற்றுகள். கவனிக்க வேண்டியது அந்தக் கீற்றுகளை மட்டும்தான். ட்ரிகரின் முதல் கட்டத்தை எடுத்து, இரண்டாம் கட்டத்தில் விரல் மெல்ல அழுந்தி, ‘டிக்’ என்று விடும் நொடியில் இடது கீற்று மெலிந்ததா, வலது கீற்று மெலிந்ததா, முன்சைட்டின் தலை பள்ளத்துக்குக் கீழே முங்கியதா? டார்கெட் இல்லாததால் கண்ணுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதுவரை சைட்டைப் பார்க்கிறேன் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் டார்கெட்டைத்தான் என்பது இங்கே வெட்டவெளிச்சமாகும். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. இரண்டாம் நாள் பதினைந்தாவது தடவையோ என்னவோ, ‘டிக்’ ஆகும் நொடிக்கு முன் நான் கண்ணை ஒருமுறை இமைப்பதைப் பிடித்தேன். பல மாதங்களாகக் கடைசி நொடியைப் பார்க்காமலேயே சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

‘டிக்’ ஆன பிறகும் கையை இறக்காமல் இரண்டு எண்ணுங்கள். பெல்லட் வெளியேற எடுக்கும் நேரம் சில மில்லிசெகண்ட்தான் என்றாலும், ஷாட் முடிந்ததும் இறக்கிவிடலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் அது முடிவதற்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிடும். நின்றதிலிருந்து எட்டுப் பத்து நொடிக்குள் ட்ரிகர் விடவில்லை என்றால் சுடாமல் இறக்குங்கள். இறக்குவதையும் எண்ணிப் பழகுங்கள். பத்தில் இரண்டு தடவை வேண்டுமென்றே இறக்குங்கள். மேட்சில் கெட்ட ஷாட்டைக் கைவிடும் தைரியம் இங்கேதான் வளரும்.

இதன் குறை என்ன? டிரை ஃபயரில் பொய் சொல்வது சுலபம். ஓட்டை விழாததால் நன்றாகத்தான் போனது என்று மனசு சொல்லிவிடும். தப்பான கிரிப்போடு நாற்பது நாள் செய்தால் அந்தத் தப்புதான் கெட்டிப்படும். சத்தம், அதிர்வு, மார்க் பயம் எதுவும் இதில் இல்லை. அதனால் ரேஞ்சுக்குப் போகும் நாளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும், அது விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைப் பார்க்கும் முன், ட்ரிகர் விட்ட நொடியில் முன்சைட் எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். “வலது, ஒன்பது.” பிறகு பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போக ஆரம்பித்தால் வீட்டுப் பயிற்சி உண்மையாக நடக்கிறது என்று பொருள்.

எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் செய்வதைவிட வாரத்தில் ஐந்து நாள் இருபது நிமிடம் மேல்.

தடம் காட்டும் கருவி

ஸ்காட் போன்ற கருவிகள் பிஸ்டல் குழலில் பொருத்தும் சென்சார் வழியாக, குறி டார்கெட்டில் எங்கெல்லாம் அலைந்தது என்பதைக் கம்ப்யூட்டரில் கோடாக வரைந்து காட்டும். ட்ரிகர் விடுவதற்கு முந்தைய ஒரு நொடி, அதிலும் கடைசி 0.2, 0.3 நொடி, விட்ட பிறகு போன பாதை எல்லாம் வெவ்வேறு நிறத்தில் வரும். டிரை ஃபயரில் நாம் சொல்லும் பொய் இதனிடம் செல்லாது. குறி முக்கால்வாசி நேரம் பத்துக்குள் நின்றுவிட்டு, கடைசிக் கணத்தில் மட்டும் கீழே பாய்கிறது என்றால் அதைப் பார்த்த பிறகு யாரும் கையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் இதை முதலில் வாங்கச் சொல்ல மாட்டேன். காரணம் விலை மட்டுமில்லை. ஷாட் எங்கே போனது என்று இது சொல்லும். ஏன் போனது என்று சொல்லாது. சுண்டுவிரல் இறுகியதா, மூச்சு தப்பியதா, கண் முன்சைட்டை விட்டு டார்கெட்டுக்குத் தாவியதா என்பது சென்சாருக்குத் தெரியாது. தவிர, திரையில் எண்கள் வந்ததும் அந்த எண்களைத் துரத்த ஆரம்பிக்கிறோம். பத்தைத் துரத்தும் வியாதிக்காரருக்கு அது இன்னொரு பத்து. குழலின் நுனியில் ஏறும் சென்சார் எடையும் சமநிலையைக் கொஞ்சம் மாற்றும். கிளப்பிலோ கோச்சிடமோ ஒன்று இருந்தால் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் போதும். அதில் கிடைத்த கோடுகளை அச்செடுத்து நோட்டில் ஒட்டிவைத்து அடுத்த மாதக் கோடுகளோடு ஒப்பிடுங்கள். 570-க்கு மேல் போனவர்களுக்கு இது வேறு விதமாகப் பயன்படும். அந்த உயரத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களில்தான் மார்க் ஒளிந்திருக்கிறது.

கோச்சின் கண்

நல்ல கோச் யார் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான்: நீங்கள் சுடும்போது அவர் எதைப் பார்க்கிறார்? டார்கெட்டையோ மானிட்டரையோ பார்த்துக்கொண்டு “கீழே போகுது, கவனமா சுடு” என்பவர் நமக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. என் கோச் முதல் நாள் நாற்பது நிமிடம் டார்கெட் பக்கம் திரும்பவே இல்லை. என் வலப்பக்கம், முழங்கைக்குச் சற்றுப் பின்னால் நின்று விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னது இரண்டே விஷயம். ட்ரிகர் அழுந்தும்போது என் சுண்டுவிரல் நகம் வெளுக்கிறது. ஷாட் முடிவதற்குள் என் தாடை மானிட்டர் பக்கம் அசைகிறது. வெள்ளை அட்டையும் கருப்பு அட்டையும் காட்டிய அந்த மூன்று ஓட்டைகளுக்கு முழு விளக்கமும் அதில் இருந்தது. ஐந்து மாதமும் ஆயிரக்கணக்கான பெல்லட்டும் சொல்லாததை ஒரு சாயங்காலம் சொல்லிவிட்டது.

பிறகு மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். “மூணு வாரம் ஸ்கோர் எழுதாதீங்க. கிரிப்பை மட்டும் பாருங்க.” நான் திருட்டுத்தனமாகக் கூட்டிப் பார்த்தேன், 510, 515 என்று இறங்கியிருந்தது. கோச்சிடம் போவதன் உண்மையான விலை இதுதான். பழைய பழக்கத்தைக் கழற்றி மாட்டும் வரை ஸ்கோர் இறங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான மேட்ச் அடுத்த மாதம் இருந்தால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இப்படி இறங்கும்போது நான் நினைத்துக்கொள்ளும் ஆள் ஹங்கேரியின் கரோலி டகாச். ராணுவத்தில் இருந்தவர். 1938-இல் கையெறிகுண்டு வெடித்து, சுடும் வலது கை சிதைந்தது. இடது கையால் முதலிலிருந்து பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் தங்கம் வென்றார். புதுக் கையில் தொடங்கி அவரால் அந்த உயரத்துக்குப் போக முடிந்தது என்றால், அவருடைய திறமையில் பெரும்பங்கு கையில் இருந்திருக்கவில்லை. நாம் மாற்ற வேண்டியது ஒரு சுண்டுவிரலின் இறுக்கத்தை.

பக்கத்தில் கோச் கிடைக்காதவர்கள் போனை முக்காலியில் வைத்து, சுடும் கையை மட்டும் நெருக்கமாக மெதுவேகத்தில் படம் எடுத்துப் பார்க்கலாம். கோச்சுக்கு ஈடில்லை, ஆனால் நகம் வெளுப்பது தெரியும்.

மேட்ச்

ரேஞ்சில் 550, மேட்சில் 530 என்றால் இதுவரை சொன்ன எதுவும் முழு மருந்தில்லை. படபடப்பை வீட்டில் செய்துகாட்ட முடியாது. நண்பர்கள் சுற்றி நிற்க ஒரே ஷாட் போட்டி வைப்பதெல்லாம் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இதயம் காதில் அடிக்கும்போது முன்சைட்டைப் பார்ப்பது எப்படி என்பதை, இதயம் காதில் அடிக்கும்போதுதான் பழக முடியும்.

மேட்ச் கற்றுத்தரும் இன்னொன்று நேரத்தைக் கையாள்வது. தயாராகவும் சைட்டர் சுடவும் 15 நிமிடம், பிறகு 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். கணக்குக்குத் தாராளமாகத் தெரியும். ஒரு மோசமான சீரிஸுக்குப் பிறகு உட்கார்ந்து மூச்சுவிட ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம் என்பதே முதல் மேட்சுகளில் நினைவுக்கு வராது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டலே பழுதாகி, அதைச் சரிசெய்வதில் நேரம் கரைந்தது; இறுதிச் சுற்று கைநழுவிப் போனது. அவரே 2024-இல் பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலமும், சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வாங்கினார்.

மூன்றாம் வகையினர் வருடத்துக்கு ஐந்தாறு சின்ன மேட்சாவது ஆடுங்கள். ஆனால் ஸ்கோர் இலக்கு வைக்காமல், ஒரு வேலை இலக்கு வையுங்கள்: இன்று எட்டு நொடி தாண்டிய ஒவ்வொரு ஷாட்டையும் இறக்குவேன், அவ்வளவுதான். முதல் வகையினர் இதை மூன்று மாதம் தள்ளிப்போடலாம். சரியாகாத ட்ரிகரோடு மேட்சுக்குப் போனால் தோல்விதான் பழகும்.

25 மீட்டருக்கு மாறலாமா?

மாற வேண்டாம், சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு. சிலருக்குப் பிடுங்குவது பிரச்சினையாக இருக்காது, ட்ரிகரே விடாது. குறி பத்தில் நிற்கிறது, விரல் உறைந்துவிடுகிறது, இன்னும் கொஞ்சம் சரியாகட்டும் என்று காத்திருந்து பன்னிரண்டாவது நொடியில் சுட்டு 8 எடுக்கிறார்கள். 25 மீட்டர் பிஸ்டலின் ரேபிட் பகுதி இவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கையை 45 டிகிரிக்குத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். டார்கெட் 3 நொடி காட்டும், பிறகு 7 நொடி இல்லை. அந்த மூன்று நொடிக்குள் தூக்கி, பார்த்து, சுட்டாக வேண்டும். யோசிக்க இடமில்லை. பத்தின் விட்டமும் 100 மில்லிமீட்டர், எனவே கை ஆடுவது மன்னிக்கப்படும், ட்ரிகரைப் பிடுங்குவது மன்னிக்கப்படாது. கை மேலே வரும்போதே முதல் கட்டத்தை எடுத்துவிடும் பழக்கம் இங்கே வந்தால், அது ஏர் பிஸ்டலுக்கும் கூடவே வரும்.

முதல் வகையினருக்கு இது இப்போதைக்கு ஆபத்து. தோட்டாவின் சத்தமும் உதையும் ஏற்கெனவே இருக்கும் இமைப்பையும் இறுக்கத்தையும் இரண்டு மடங்காக்கும். ட்ரிகர் எடையும், அதாவது ட்ரிகர் விட விரல் தர வேண்டிய அழுத்தமும், வேறு: ஏர் பிஸ்டலில் குறைந்தபட்சம் 500 கிராம், இங்கே 1000. ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும்போது விரல் குழம்பும். உங்கள் நாட்டில் .22 வைத்திருக்க என்ன அனுமதி வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

பிஸ்டலை மாற்றுவது

பாரிஸில் சாதாரணக் கண்ணாடியும் ஒரு கை பாக்கெட்டிலுமாக நின்று கலப்பு அணியில் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகேச்சின் படத்தைக் காட்டி, கருவியெல்லாம் வேண்டாம் என்று வாதிடுகிறார்கள். அவர் வேண்டாமென்று விட்டது கண்ணுக்கான மறைப்பு போன்றவற்றைத்தான். கையில் இருந்தது போட்டித்தரப் பிஸ்டல். ட்ரிகர் சுத்தமாக விடும் பிஸ்டல் வேண்டும், கைக்குப் பொருந்தும் கிரிப் வேண்டும். அதற்கு மேல் செலவழிப்பது 528-இல் இருப்பவரின் வேலையில்லை.

இரண்டாம் வகையினர், அதாவது இரண்டு அட்டையும் அகலமாக வந்தவர்கள், கிரிப்பை மட்டும் உடனே பாருங்கள். கண்ணை மூடி, கையைத் தூக்கி நிறுத்தி, கண்ணைத் திறங்கள். முன்சைட் பள்ளத்துக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாகவே ஒட்டிக்கொண்டிருந்தால், மணிக்கட்டு மேட்ச் முழுக்க அதைத் திருத்திக்கொண்டே களைத்துப்போகிறது என்று பொருள். மர கிரிப்பில் அரமும் மரப்புட்டியும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம். எடுத்த மரம் திரும்பி வராது, எனவே புட்டியில் தொடங்குங்கள். சைட் சரியாக நின்றும் குறி டார்கெட்டுக்கு இடமோ வலமோ போயிருந்தால் கையை இழுக்காமல் பின்னங்காலை நகர்த்துங்கள். பிறகு தோளுக்கும் வயிறு, முதுகுத் தசைகளுக்குமான பயிற்சி, வாரம் மூன்று நாள். இதில் அவசரம் பலிக்காது, மூன்று நான்கு மாதம் ஆகும்.

நான் பிரித்துக்கொண்ட விதம்

எனக்கு வந்தது முதல் வகை என்பதால் முதல் எட்டு வாரம் இப்படி: வீட்டில் ஐந்து நாள் இருபது நிமிட டிரை ஃபயர், ரேஞ்சில் இரண்டு நாள் நாற்பது ஷாட் மட்டும், அதில் ஒரு நாள் கோச். மேட்ச் இல்லை, கருவி இல்லை, புதுச் செலவு கோச்சுக்கு மட்டும். ஆறாவது வாரம் 528-ஐத் தொட்டேன், பத்தாவது வாரம் முதல்முறையாக 541.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளை அட்டையை மாட்டுகிறேன். கடைசியாக மாட்டியபோது ஏழு மணித் திசையில் ஒரு ஓட்டையும் இல்லை. இரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு குரூப்பும் (ஓட்டைகள் சேர்ந்திருக்கும் பரப்பு) ஒரே அளவு, ஆனால் இரண்டுமே நான் விரும்புவதைவிட அகலம். அந்த வாரமே டிரை ஃபயரை மூன்று நாளாகக் குறைத்து, மிச்ச இரண்டு நாளைத் தோளுக்குக் கொடுத்துவிட்டேன். கிரிப்பின் உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் புட்டி ஏற்றியிருக்கிறேன், இன்னும் காயவில்லை.